ஒன்றைப் பூட்டு, சுற்றிப் பார்

அறுப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் எஞ்சின் தட்டத் தொடங்கும். உண்மையில் அது உழவு நாளிலேயே தட்டியிருக்கும். விதைப்பு முடியட்டும், பசளை போட்டு முடியட்டும் என்று வயற்காரர் அதைக் கேட்டும் கேளாதவர் போல இருந்திருப்பார். பெட்டியில் நெல் மூட்டை ஏற்றுகிற நாள் கிட்ட வந்த பிறகுதான் அவருக்குக் காது திறக்கும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற முருங்கன், நானாட்டான், உயிலங்குளம் பக்கத்து வயல்கள் காலபோகத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். அதனால் மாசியிலும் பங்குனியிலும் எங்கள் பக்கத்தில் எந்தக் கராச்சுக்குப் போனாலும் வாசலில் ஓர் உழவு மிசின் ஹெட் கழற்றப்பட்டு நிற்கும். பக்கத்தில் அதன் சொந்தக்காரர், "பின்னேரம் தந்திடுவீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

தம்பி, இந்தத் தொழிலுக்கு வருகிற பெடியன் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்வதை. ஸ்பனர் பிடிக்கப் பிறகு பழகலாம்.

இப்போது குனிந்து கிராங் தூக்க என் நாரி விடாது. கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வாயால் வேலை செய்கிறேன். படிக்க வருகிற பெடியள் எல்லாரிடமும் ஒரே அவசரத்தைப் பார்க்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கிய ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் படித்துச் சான்றிதழோடு வருகிறவனுக்கும், பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வருகிறவனுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. சத்தம் கேட்டால் உடனே கழற்ற வேண்டும். கழற்றினால் கண்டதையெல்லாம் மாற்ற வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றையே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதும் நின்று பார். பிறகு அடுத்ததைத் தொடு. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கடைசிவரை கடைப்பிடிக்கிறவர்கள் மிகக் குறைவு.

எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடியது மெசி பேர்குசன். முதலில் 35, பிறகு 135, அதன் பிறகு 240. மேலே நிறமும் மூடியும் மாறினாலும் இவற்றில் நாங்கள் கண்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான்: பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல். 152 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.5 லீற்றர். பிஸ்ரனின் விட்டம் 3.6 அங்குலம், அது ஏறி இறங்குகிற தூரம் 5 அங்குலம். இங்கிலாந்தின் பீற்றர்பரோவில் பிராங்க் பேர்கின்ஸ் 1932இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1959இல் மெசி பேர்குசன் அதை வாங்கிக்கொண்டது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மெசி மிசின்களை இந்தியாவில் செய்தது. கடலுக்கு அந்தப் பக்கம் செய்த மிசின் இந்தப் பக்கத்து வயலில் உழுவதில் எங்களுக்குப் புதினம் எதுவும் இல்லை. தலைமன்னார் இறங்குதுறைக்கு ஒரு காலத்தில் கப்பலும் ரயிலும் சேர்ந்தே வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அந்தத் தொடர்பு முன்போல இருக்கவில்லை. அது வேறு கதை. விட்டால் நாள் முழுக்கச் சொல்லுவேன்.

சத்தத்துக்கு வருவோம்.

மிசினுக்குக் கிட்டப் போகும் முன் சொந்தக்காரரிடம் கேள். எப்போது தொடங்கியது? குளிரில் கூடவா, சூட்டில் கூடவா? பாரம் இழுக்கும்போதா, சும்மா ஓடும்போதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: கடைசியாக யார், எதைத் தொட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு யாரும் ஒரேயடியாக உண்மை சொல்வதில்லை. "ஒருதரும் தொடேல்ல" என்றுதான் தொடங்குவார்கள். ஒரு பிளேன்ரீ குடித்து முடிவதற்குள், மச்சான் வந்து ராப்பெட் பார்த்தது, பக்கத்து வீட்டுத் தம்பி டீசல் குழாய் மாற்றினது எல்லாம் வெளியே வரும். பொறுமையாக இரு. அந்தப் பிளேன்ரீக்குச் செலவான நேரம் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பிறகு எஞ்சினுக்கு வெளியே இருப்பதைப் பார். இதில்தான் பெடியள் பிழைவிடுகிறார்கள். மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் ஓடுகிற மிசினை உப்புக் காற்றுத் தின்னும். கரைவலை இழுக்கிற மிசின் என்றால் கேட்கவே தேவையில்லை. தண்ணீர்ப் பம்பின் பெயரிங் போய்க் கரகரக்கும். விசிறி ஆடி ரேடியேற்றரில் உரசும். பற்றறி வைக்கிற தட்டு உக்கி லொட லொட என்று ஆடும். விசிறிப் பட்டியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார். சத்தம் நின்றால் எஞ்சின் பிழைத்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே ஒரு நட்டுத்தான் இளகியிருக்கிறது என்று சொல்லி, அந்த ஒரு நட்டுக்குரிய காசை மட்டும் வாங்குகிற மெக்கானிக்கை எங்கள் ஊர் மறக்காது. அப்படிச் சொல்லாமல் ஹெட்டைக் கழற்றிக் காசு பார்க்கிறவனையும் மறக்காது.

உள்ளே இருந்து வருவது உறுதியானால் அதன் வேகத்தைக் கவனி. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு வால்வு ஒரு முறைதான் திறக்கும். அதனால் ராப்பெட் இளகின சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதியாக, டிக், டிக் என்று மெல்லிசாக, மேலிருந்து வரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில் பீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார். எந்த வால்வில் தகடு போனதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். பின்னைய மூன்று சிலிண்டர் மெசிகளில் ஆறின எஞ்சினுக்கு இந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, சூட்டில் 10 பங்கு. நுனிவிரலால் பழகினவன் தகடு இல்லாமலே சொல்லிவிடுவான் என்று சில பழசுகள் பெருமை பேசும். நம்பாதே. தகட்டைப் போட்டுப் பார்.

குளிரில் கடகடவென்று இருந்து, சூடேறச் சூடேறக் குறைந்தால் பிஸ்ரன் லைனரில் அடிக்கிறது. பிஸ்ரன் சூட்டில் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தமும் குறையும். இது உடனே கொல்லாது. அறுப்பு முடியும்வரை ஓடும். கிளச்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கிராங் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார். அல்லது பிளைவீல் இளகியிருக்கலாம். கனத்த, அடிவயிற்றில் இருந்து வருகிற தும், தும் என்றால் மெயின் பெயரிங். கூடவே ஓயில் அழுத்தம் காட்டுகிற முள்ளும் இறங்கியிருக்கும். பாரம் ஏற்றியதும் டொக், டொக் என்று கூடி, வேகத்தை விடும்போது இன்னும் துலங்கினால் பிக் என்ட் பெயரிங். இந்தச் சத்தத்தோடு ஒரு மிசினை வயலுக்கு விடாதே. கொனெக்ரிங் ரொட் முறிந்து புளொக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் மூன்று சிலிண்டரும் கழிவு இரும்பு.

எந்தச் சிலிண்டர் என்று அறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே நொசிலுக்குப் போகிற டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்கு. கைக்குத் துணி சுற்றிக்கொள். அந்த டீசல் தோலுக்குள் பாயும் அழுத்தத்தில் வரும், விளையாட்டு இல்லை. ஒரு குழாயை இளக்கினால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நிற்கும், பெயரிங்குக்கு அடி குறையும், சத்தம் அடங்கும். சரி, இரண்டாம் சிலிண்டரில் அடங்கிவிட்டது என்று வை. உடனே சம்பைக் கழற்றுவாயா?

பெடியள் எல்லாரும் "ஓம்" என்பார்கள். நான் "இல்லை" என்பேன். ஏனென்றால் நொசில் பழுதாகி டீசலை ஒழுகவிட்டாலும் இதே டொக், டொக் வரும். குழாயை இளக்கினால் அதுவும் அடங்கும். இரண்டு நோய்க்கும் ஒரே குறி. அப்போது என்ன செய்வது? இரண்டாம் நொசிலைக் கழற்றி ஒன்றாவதில் பூட்டு. ஒன்றாவதை இரண்டாவதில் பூட்டு. செம்பு வாஷர் புதிதாகப் போடு. வேறு எதையும் தொடாதே. எஞ்சினை ஓட்டு. சத்தம் ஒன்றாம் சிலிண்டருக்கு இடம் மாறினால் நொசில்தான் கள்ளன். கடையில் கொடுத்துச் சரிபார்த்தால் முடிந்தது. சத்தம் இரண்டிலேயே நின்றால் சம்பைக் கழற்று. இதற்குள் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஓயிலையும் மாற்றி, ராப்பெட்டையும் இறுக்கி, பம்பின் ரைமிங்கையும் கொஞ்சம் அசைத்துவிட்டாய் என்றால், சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் நின்ற சத்தம் திரும்பி வரும்போது நீ முதலாம் வகுப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

கெட்டியான ஓயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. விற்கப் போகிற மிசினுக்குத் தரகர்மார் செய்வது. வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கும் அரை மணித்தியாலத்துக்கு எஞ்சின் பசுப்போல ஓடும். தேய்ந்த பெயரிங் தேய்ந்துகொண்டே இருக்கும், கேட்காது, அவ்வளவுதான். பழைய மிசின் பார்க்கக் கூப்பிட்டால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போ. முதலில் டிப்ஸ்ரிக்கை இழுத்து ஓயிலை விரலில் தொட்டு உருட்டிப் பார். சூடேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறவரிடம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வேலியோரம் இரு. உன்னுடைய அந்தக் காத்திருப்பே அவருடைய விலையைக் குறைக்கும்.

இனிப் பூட்டுகிற வேலை. கழற்றுவதை யாரும் செய்வார்கள். அதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒன்றோடொன்று தேய்ந்து பழகினவை தங்கள் பழைய இடத்துக்கே போக வேண்டும். ராப்பெட்டுகளையும் தள்ளு கம்பிகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு இலக்கமிட்டுக் குத்தி வை. கொனெக்ரிங் ரொட்டும் அதன் கப்பும் சேர்த்துத் துளைத்தவை; ஒன்றின் கப் இன்னொன்றுக்குச் சேராது. ரொட்டிலும் கப்பிலும் ஒரே இலக்கம் குத்தியிருக்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கப் பூட்ட வேண்டும்.

இந்தக் கப் விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990களில் எங்கள் பெருநிலத்தில் பொருளாதாரத் தடை. டீசல், பற்றறி, உதிரிப்பாகம், யூரியா, சீமெந்து எதுவும் தாராளமாக வராது. தீவு இராணுவத்திடம், பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகள் இயக்கத்திடம். தீவுக்குப் போகிற பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. இப்போது நீங்கள் மோட்டார்சைக்கிளில் பறக்கிற புதுப் பாலம் 2010 மார்ச்சில்தான் திறந்தது. உயிலங்குளத்துச் சோதனைச் சாவடியால் ஒரு ரிங் செற் கொண்டுவருவதே பெரும்பாடு. அதனால் மூன்று மிசினைக் கழற்றி ஒன்றாகப் பூட்டினோம். ஒருத்தரின் புளொக், இன்னொருத்தரின் கிராங், எங்கேயோ கிடந்த ரொட், எதனுடையதோ கப். கப்பை அரத்தால் உரஞ்சிப் பொருத்தினார்கள். அது ஓடியது என்பதுதான் அதிசயம்.

மண்ணெண்ணெய்க் கதை உங்களுக்குத் தெரியும்: கார்பரேற்றரில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார்சைக்கிளும் காரும். டீசல் எஞ்சினில் அது வேறு மாதிரி வேலை செய்யும். இந்த மெசிகளில் இருக்கிற சி.ஏ.வி. சுழல் பம்புக்கு உள்ளே ஓடுகிற டீசல்தான் ஓயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. அதனால் கொஞ்சம் எஞ்சின் ஓயிலையோ தேங்காயெண்ணெயையோ கலப்பார்கள். பம்பு தேயும், நொசில் ஒழுகும், எஞ்சின் தட்டும். பெயரிங்கும் பொருந்தாத கப்பால் தட்டும். ஓயிலோ பழையது. எது எதனால் தட்டுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? எல்லாமே ஒன்றாக மாறியிருந்தன.

மனிதருக்கும் அதுதான் நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறையாக இருந்தவர்கள் கையில் எடுத்ததோடு போனார்கள். 2008இல் அடம்பன், விடத்தல்தீவுச் சனம் பெட்டியில் கூரைத் தகரத்தையும் நெல்லையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனது. போன மிசின்கள் பல 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் நின்றன. சிலருக்கு அவை பிறகு கிடைத்தன, பலருக்கு இல்லை. கிடைத்தவற்றில் பிஸ்ரன் லைனரோடு இறுகிப் போயிருந்தது. அப்படி இறுகினதை நெம்புகோல் போட்டுத் திருப்பக்கூடாது. நொசில் துளைவழியே டீசலும் மெல்லிய ஓயிலும் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிளைவீலை இந்தப் பக்கம் ஒரு பல்லு, அந்தப் பக்கம் ஒரு பல்லு என்று அசைத்துப் பார்க்க வேண்டும். சில எஞ்சின்கள் விட்டுக்கொடுத்தன. சிலது கடைசிவரை விடவே இல்லை.

வீடு, வயல், தொழில், பள்ளிக்கூடம், அயல் எல்லாம் ஒரே நாளில் மாறின ஒரு குடும்பத்தைப் பார்த்து, "உன் பிள்ளை ஏன் படிக்கவில்லை? நீ ஏன் முன்னேறவில்லை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களோடு கதைக்கப் பிடிக்காது. எதனால் என்று பிரித்துச் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு யாரும் அவகாசம் தரவில்லை. ஆனால் தம்பி, உனக்கு அந்த அவகாசம் இருக்கிறது. இருக்கிறபோது அதை நீயே எறிந்துவிடாதே.

என்னிடம் வேலை பழகின ஒரு பெடியன், நல்ல கைக்காரன், ஒரே மாதத்தில் நாலு காரியம் செய்தான். எங்கள் கராச்சை விட்டான். டவுனில் வாடகைக்கு இடம் எடுத்தான். லீசிங்கில் ஒரு லேத் வாங்கினான். உழவு மிசினை விட்டு முச்சக்கரவண்டி வேலைக்கு மாறினான். வருடம் திரும்பும் முன் மூடிவிட்டான். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் "இடம் சரியில்லை" என்றான், இன்னொரு நாள் "லேத்துக் கடன்" என்றான், பிறகு "சனத்துக்கு நன்றியில்லை" என்றான். மூன்றும் உண்மையாக இருக்கலாம், மூன்றும் பொய்யாகவும் இருக்கலாம். அவனுக்கே தெரியாது. முதலில் எங்களோடு இருந்துகொண்டே சனி, ஞாயிறில் முச்சக்கரவண்டி பார்த்திருந்தால், அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதாவது கடன் இல்லாமல் தெரிந்திருக்கும். துணிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாருக்குப் போ, கொழும்புக்குப் போ. போகிற மாதத்திலேயே காணியை விற்று, கலியாணமும் பேசி, தங்கச்சியின் நகையையும் அடகு வைக்காதே என்கிறேன்.

சரி, பூட்டுவோம். புளொக்கைக் கழுவு. கிராங்குக்குள் ஓயில் போகிற துளைகளில் கம்பி விட்டு மண்ணெண்ணெய் அடித்துக் கழுவு. லேத்தில் கடைந்து வந்த கிராங்கின் துளைக்குள் இரும்புத் தூள் ஒளிந்திருக்கும். கச்சான் காற்று அடிக்கிற வைகாசி, ஆனியில் திறந்த கொட்டிலுக்குள் எஞ்சின் பூட்டாதே. எங்கள் மணல் புதுப் பெயரிங்கில் ஏறினால் நீ இதுவரை செய்ததெல்லாம் வீண். வேறு வழியில்லை என்றால் விடியப்புறம் காற்று எழும்ப முன் பூட்டு. நிறுத்துகிற நேரமெல்லாம் வெள்ளைத் துணியால் மூடு.

கிராங்கை மெயின் பெயரிங்கில் இருத்து. ஓயில் தாராளமாகப் பூசு. பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குகிற அரைவட்ட வாஷர்களில் ஓயில் தவாளிப்பு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டின எஞ்சின்களைக் கண்டிருக்கிறேன், சில நாளிலேயே இரும்பு இரும்பைத் தின்றிருக்கும். இப்போது முதல் கப்பை, ரோர்க் ரெஞ்சால், கைப்புத்தகம் சொல்கிற அளவுக்கு இறுக்கு. இறுக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்றுகிறதா? அடுத்த கப். இறுக்கு. சுற்றிப் பார். மூன்றாவதை இறுக்கியதும் கிராங் பிடித்தால், பிழை மூன்றாவதில்தான். வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. பெயரிங்குக்குப் பின்னால் ஒரு தூசு, மாறி வைத்த கப், ஏதோ ஒன்று. ஐந்து நிமிட வேலை. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்க்கிறவனுக்கும் கிராங் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அவன் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

பிஸ்ரனுக்கும் அப்படியே. ரிங்கை முதலில் வெறும் லைனருக்குள் வைத்து, பிஸ்ரனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைத் தகட்டால் அள. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் வாய் முட்டி ரிங் முறியும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேரில் வராமல் சுற்றிவர மாற்றி வை. ஒரு பிஸ்ரனை இறக்கி, கப் பூட்டி, சுற்றிப் பார். ரிங் உராய்வதால் இப்போது கொஞ்சம் கனக்கும். இரண்டாவதற்கு அதேயளவு கூட வேண்டும், மூன்றாவதற்கும் அதேயளவு. ஒன்றில் மட்டும் திடீரென்று கூடினால் நில்.

ரைமிங் பற்சில்லுகளில் அடையாளப் புள்ளிகள் உண்டு. நடுவில் ஒரு பற்சில்லு இருப்பதால், சரியாகப் பூட்டிய பிறகு ஒரு சுற்றுச் சுற்றினால் புள்ளிகள் விலகிவிடும்; பல சுற்றுக்குப் பிறகுதான் திரும்பச் சேரும். புதுப் பெடியன் இதைப் பார்த்துப் பயந்து கழற்றிப் பூட்டுவான். பயப்படாதே. பூட்டும்போது சேர்ந்திருந்ததை நீ பார்த்தாயா? பார்த்தேன் என்றால் நம்பு. ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டு வந்தவனுக்குத்தான் அந்த நம்பிக்கைக்கு உரிமை உண்டு.

ஹெட்டை நடுவில் இருந்து வெளியே, மூன்று தவணையாக இறுக்கு. ராப்பெட் வைத்ததும் ஸ்ராட்டரைத் தொடாதே. கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. வால்வு பிஸ்ரனில் முட்டுவதாக இருந்தால் கையில் தெரியும். கை நிறுத்தும், ஸ்ராட்டர் நிறுத்தாது. பிறகு டீசலை அடைத்துவைத்து, ஓயில் முள் எழும்பும்வரை ஸ்ராட்டரால் சுற்று. டீசல் குழாயில் காற்றை எடு. அதன் பிறகுதான் எழுப்ப வேண்டும்.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனிக் காற்றாலைகளைப் பார்த்திருப்பாய். 30 கோபுரம், 103.5 மெகாவாற். இப்படிப்பட்ட பெரிய காற்றாடிகளின் பற்சில்லுப் பெட்டியில் அதிர்வைக் கேட்கிற கருவிகளைப் பூட்டியிருப்பார்கள், அவை தூரத்தில் இருக்கிற கணினிக்குச் சொல்லும். நாங்கள் நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியைப் புளொக்கில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டது அதே வேலையைத்தான். கருவி வந்தது நல்லது. காது தளர்ந்தவனாக நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கருவியும் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அதனால் நல்ல எஞ்சினின் சத்தத்தையும் கேட்டுப் பழகு; பழுதானதை மட்டும் கேட்டு வளர்ந்த காது எல்லாவற்றிலும் பழுதைக் கேட்கும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை மெதுவாகச் சும்மா ஓடவிடுவது அதற்குச் செய்கிற மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். பிழை. பாரமில்லாமல் நெடுநேரம் ஓடினால் ரிங் லைனரோடு பொருந்தாது; லைனர் கண்ணாடிபோல வழுக்காகிவிடும், பிறகு ஓயில் குடிக்கும், புகைக்கும். சூடேறியதும் ஓரளவு பாரம் கொடுக்க வேண்டும். அதற்காக முதல் நாளே நெல் மூட்டையைக் குவித்து முருங்கன் வீதியில் விரட்டவும் கூடாது. ஹெட்டைச் சூட்டுக்குப் பிறகு கைப்புத்தகம் சொல்கிறபடி திரும்ப இறுக்கி, ராப்பெட்டைத் திரும்பப் பார்.

முதல் ஓயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். அதைச் சொந்தக்காரரிடம் விடாதே, வடிக்கும்போது நீயே நில். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றிப் பரப்பி வெயிலில் பார், காந்தத்தால் தடவிப் பார். காந்தத்தில் ஒட்டுகிற மெல்லிய கறுப்புத் தூள் ரிங்கும் லைனரும் பழகினதால் வருவது, அது இருக்கட்டும். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறமோ, வெள்ளி மினுக்கமான செதிலோ கண்டால் அது பெயரிங். சத்தம் இன்னும் வரவில்லை என்றாலும் சம்பைக் கழற்று.